சென்னையிலிருந்து சனி, ஞாயிறு பயணம்: பணம் எங்கே கரைகிறது?

சென்னையிலிருந்து இரண்டு நாள் எங்காவது போய்வரலாம் என்று பேச்செடுத்தால் யாராவது ஒருவர் ஊட்டி என்பார். போக மட்டும் 550 கிலோமீட்டர். வெள்ளி இரவு ஏறி, சனி மதியம் அறைக்குள் நுழைந்து, ஞாயிறு மதியமே பெட்டி கட்டினால் ஊரைப் பார்க்க ஒரு முழு நாள்கூடக் கையில் மிஞ்சாது. சொந்த வண்டி என்றால் 2024 மே மாதத்திலிருந்து மலைக்குள் நுழைய இ-பாஸ் வேறு எடுத்தாக வேண்டும். ஊட்டியை நாலு நாள் லீவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். சனி, ஞாயிறுக்கு ஏறத்தாழ 160 கிலோமீட்டர் வட்டம் போதும். மாமல்லபுரம், காஞ்சிபுரம், வேடந்தாங்கல், பழவேற்காடு, செஞ்சி, புதுச்சேரி எல்லாமே அதற்குள் அடங்கிவிடும்.

ஆனால் பக்கத்து ஊர் என்பதாலேயே செலவு குறைந்துவிடாது. செஞ்சிக்குச் சிக்கனமாகப் போய்வருகிறவர்கள் இருக்கிறார்கள், மாமல்லபுரத்தில் ஒரே இரவில் சில ஆயிரங்களை விட்டுவிட்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள். எப்போது கிளம்புகிறோம், எந்த மாதம் போகிறோம், எத்தனை மணிக்குப் போய் நிற்கிறோம் என்பதில்தான் பெரும்பாலான பணம் போகிறது.

பெரிய ஓட்டை, தேவையே இல்லாமல் போடும் அறை. வெளியூர் என்றால் தங்கியே ஆக வேண்டும் என்று ஒரு பழக்கம். மாமல்லபுரமோ காஞ்சிபுரமோ விடியற்காலை கிளம்பினால் இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடக்கூடிய ஊர்கள். சனிக்கிழமை ஒன்று, ஞாயிற்றுக்கிழமை ஒன்று என்று போய்விட்டு சொந்தப் படுக்கையில் தூங்கலாம். தாம்பரத்திலிருந்து மாமல்லபுரத்துக்கு 515 பஸ் ஓடுகிறது. சாதாரணக் கட்டணப் பேருந்தாக அமைந்தால் பெண்களுக்கு டிக்கெட்டே கிடையாது. அங்கே கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதத்துக்கும் சேர்த்து அன்றைக்கு ஒரே டிக்கெட், இந்தியர்களுக்கு 40 ரூபாய், பதினைந்து வயதுக்குள் இருந்தால் இலவசம். முதல் இடத்தைப் பார்த்ததும் டிக்கெட்டைக் கசக்கிப் போட்டுவிட்டு அடுத்த வாசலில் மறுபடியும் பர்ஸைத் திறக்கிறவர்கள் நிறைய. அர்ஜுனன் தபசு என்ற பாறைச் சிற்பத்துக்கு டிக்கெட் இல்லை.

தங்கித்தான் ஆக வேண்டுமென்றால் சனி இரவைத் தவிருங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலை முழுக்க, புதுச்சேரி வரைக்கும், வாடகை உச்சத்தில் நிற்கும் இரவு அதுதான். ஞாயிறு காலை கிளம்பி அன்றிரவு தங்கி, திங்கட்கிழமை ஒரு நாள் லீவு போட்டால், அதே அறை கணிசமாகக் குறைவாகக் கிடைக்கும், பேரமும் பேசலாம். அப்புறம், பதிவு செய்யும்போதே காலி செய்யும் நேரத்தைக் கேட்டுவிடுங்கள். சில விடுதிகளில் உள்ளே வந்த நேரத்திலிருந்து 24 மணி நேரம், பல இடங்களில் எப்போது வந்தாலும் மறுநாள் மதியம் 12. இரவு பத்து மணிக்குப் போய்ச் சேருகிறவருக்கு இரண்டும் ஒன்றில்லை. புதுச்சேரியில் ஆசிரம விடுதிகள் சிக்கனமானவை, சுத்தமானவை. ஆனால் இரவில் கேட்டைப் பூட்டிவிடுவார்கள், மது, புகைக்கும் இடமில்லை. நள்ளிரவு வரை ஊர் சுற்றும் கோஷ்டிக்கு அது ஒத்துவராது.

அடுத்தது, ஊரே கிளம்பும்போது நாமும் கிளம்புவது. வெள்ளி மாலை பெருங்களத்தூரிலிருந்து பரனூர் டோல்கேட் தாண்டும் வரைக்கும், ஞாயிறு மாலை அதே வழியில் திரும்பும்போதும், தெற்கே போகும் ஜிஎஸ்டி சாலையில் நிற்கும் நேரத்தில் காஞ்சிபுரத்தில் இரண்டு கோயில் பார்த்துவிடலாம். சனிக்கிழமை காலை நாலரை, ஐந்துக்கு வண்டியை எடுத்தால் ஆறரைக்கெல்லாம் செங்கல்பட்டைத் தாண்டி எங்காவது இட்லி சாப்பிடலாம். பஸ்ஸில் போகிறவர்கள் எந்த நிலையம் என்பதை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் திறந்த பிறகு திண்டிவனம், விழுப்புரம் பக்கம் போகும் தென்மாவட்டப் பேருந்துகள் அங்கிருந்துதான். பழைய ஞாபகத்தில் கோயம்பேட்டுக்குப் போய் இறங்கினால், அங்கிருந்து கிளாம்பாக்கத்துக்குப் பிடிக்கும் ஆட்டோ செஞ்சி வரைக்குமான பஸ் கட்டணத்தை விழுங்கிவிடும். கார் நாலு பேர் போனால்தான் லாபம். இரண்டு பேருக்கு பெட்ரோல், டோல், பார்க்கிங் எல்லாம் கூட்டிப் பாருங்கள், பஸ்தான் ஜெயிக்கும்.

காஞ்சிபுரத்துக்குப் போகிறவர்கள் கோட்டைவிடுவது கடிகாரத்தில். வீட்டில் நிதானமாக டிபன் முடித்து, ஒன்பது மணிக்கு மேல் கிளம்பி, பதினொன்றரைக்கு ஏகாம்பரநாதர் கோயில் வாசலில் செருப்பை விடுவார்கள். பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கெல்லாம் நடை சாத்திவிடுவார்கள், மறுபடி திறப்பது நாலு மணிக்கு. நடுவில் இருக்கும் அந்த வெயில் வேளையில்தான் மொத்தக் குடும்பமும் ஏசி போட்ட பட்டுக்கடைக்குள் ஒதுங்கும். கடைக்குள் போன குடும்பம் வெறுங்கையோடு வெளியே வந்து நான் பார்த்ததில்லை. “நெசவாளர் வீட்டிலேயே காட்டுகிறேன்” என்று ஆட்டோக்காரர் கூட்டிப்போனால் அவருக்கான கமிஷனும் புடவை விலையில்தான் ஏறியிருக்கும். வாங்கத்தான் வேண்டுமென்றால் விலை ஒட்டியிருக்கும் கூட்டுறவு சங்கக் கடைகள் இருக்கின்றன.

காலை ஏழு மணிக்கு அங்கே நின்றால் ஊரே வேறு. முதலில் கைலாசநாதர் கோயில். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் கட்டியது, மணற்கல். மதிலை ஒட்டி வரிசையாக 58 சின்னச் சின்ன சந்நிதிகள். சிலவற்றுக்குள் தலையை நீட்டிப் பார்த்தால் பழைய ஓவியத்தின் மிச்சம், ஒரு கண், கொஞ்சம் காவி நிறம், தெரியும். அது தெரிய வேண்டுமென்றால் காலைச் சாய்வெயில் வேண்டும், பின்னால் யாரும் தள்ளக்கூடாது. கருவறையைச் சுற்றி ஒரு குறுகிய வழி இருக்கிறது. தவழ்ந்து நுழைந்து தவழ்ந்துதான் வெளியே வர வேண்டும், கூட்டம் சேர்ந்தபின் அதற்கும் காத்து நிற்க வேண்டியதுதான். அங்கே முடித்து ஏகாம்பரநாதர், பிறகு வரதராஜப் பெருமாள் என்று போனால் நடை சாத்துவதற்குள் மூன்றும் ஆகிவிடும். மிளகும் சீரகமும் சுக்கும் மணக்கும் கோயில் இட்லி கிடைத்தால் விடாதீர்கள். மதியச் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு ரயிலேறிவிடலாம். செங்கல்பட்டு வழியாகச் சென்னை கடற்கரை நிலையம் வரைக்கும் புறநகர் ரயில் உண்டு. எண்ணிக்கை குறைவு என்பதால் திரும்பும் ரயிலின் நேரத்தைக் காலையிலேயே குறித்துக்கொள்ள வேண்டும்.

காஞ்சிக்குக் கடிகாரம் என்றால் வேடந்தாங்கலுக்குக் காலண்டர். கோடை விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மே மாதம் போய், காய்ந்த ஏரியைப் பார்த்துவிட்டு “பறவையே இல்லை” என்று திரும்புவது வருடாவருடம் நடக்கிறது. வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிறைந்த பிறகுதான் பறவைகள் கூடு கட்ட வரும். நவம்பர் முதல் மார்ச் வரை பருவம், டிசம்பர், ஜனவரி உச்சம். மழை பொய்த்த வருடம் என்றால் போவதற்கு முன் விசாரித்துக்கொள்ளுங்கள். நேரமும் முக்கியம். நாலு மணிக்கு மேல் கரையில் நின்றால், இரை தேடிப் போன நத்தைகுத்தி நாரைகளும் கூழைக்கடாக்களும் கூட்டம் கூட்டமாக வந்து தண்ணீருக்குள் நிற்கும் கடம்ப மரங்களில் இறங்குவதைப் பார்க்கலாம். குஞ்சுகள் போடும் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. பைனாகுலர் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும்.

செஞ்சியிலும் இதே கதைதான். கோட்டையின் ராஜகிரி மலை சுமார் 800 அடி ஏற்றம், பிற்பகலில் தாமதமாக வருகிறவர்களை மேலே விடமாட்டார்கள். எட்டு, ஒன்பது மணிக்குள் ஏறத் தொடங்கவில்லையென்றால் வெயிலில் முடியாமல் கீழே இருக்கும் கல்யாண மகாலோடு திரும்ப வேண்டியதுதான். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் வேண்டும். சாப்பாட்டுப் பையைக் கையில் ஆட்டிக்கொண்டு போனால் குரங்குகள் பார்த்துக்கொள்ளும்.

பழவேற்காட்டில் மட்டும் சிக்கனத்தை ஒதுக்கிவையுங்கள். கரையில் யாராவது வந்து, கடலும் ஏரியும் சேரும் இடம் வரை படகில் காட்டுகிறேன் என்று குறைந்த தொகைக்குக் கூப்பிடுவார்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று அங்கே படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். மீன்பிடிப் படகில், உயிர்காப்பு உடை இல்லாமல் ஏறவே வேண்டாம். பூநாரைகளைக் குளிர்காலத்தில் கரையிலிருந்தே பார்க்கலாம். எலும்புக்கூடு செதுக்கிய வாயிற்கற்கள் உள்ள டச்சுக் கல்லறைக்கு நடந்தே போகலாம்.

புதுச்சேரியில் சிக்கனம் பார்க்கிற இன்னொரு கூட்டம் உண்டு. விலை குறைவு என்று நாலு பாட்டிலை டிக்கியில் போட்டுக்கொண்டு கிளம்புகிறவர்கள். புதுச்சேரி சரக்கைத் தமிழ்நாட்டுக்குள் கொண்டுவருவது குற்றம், கிழக்குக் கடற்கரைச் சாலைச் சோதனைச்சாவடியில் ஞாயிறு மாலை டிக்கியைத் திறக்கச் சொல்வது வாடிக்கை. பாட்டில் போவதோடு வழக்கும் வரும், வண்டியையே பறிமுதல் செய்யவும் சட்டத்தில் இடமிருக்கிறது.