மரப் போவா இனப்பெருக்கம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மரப் போவா குட்டி போடும் பாம்பு. கருவுற்ற பின் ஏறக்குறைய ஆறேழு மாதம் குட்டிகள் தாயின் வயிற்றிலேயே வளர்கின்றன. முட்டையிடும் பாம்பென்றால் முட்டைகளை எடுத்து இன்குபேட்டரில் வைத்துவிடலாம். இங்கே தாய்க்குக் கிடைக்கும் வெப்பம்தான் குட்டிகளுக்கும்.

முதல் தவறு அவசரம். அமேசான் மரப் போவாவுக்கு மூன்று வயதாவது, எமரால்டு மரப் போவாவுக்கு நான்கு வயதாவது ஆகாமல் ஜோடி சேர்க்காதீர்கள். பெண்ணைத் தயார்செய்வதாக நினைத்து இரையை அள்ளிக் கொடுப்பதும் ஆபத்து. இவை இயல்பிலேயே மெலிந்தவை, மெதுவாகச் செரிப்பவை. எமரால்டு அளவுக்கு மிஞ்சித் தின்றால் கக்கிவிடும். அதிலிருந்து மீள நாளாகும்.

புதிதாக வந்த பாம்பை மூன்று மாதமாவது தனியே வைத்துப் பார்க்காமல் ஜோடி சேர்ப்பதும் அப்படித்தான். போவாக்களைக் கொல்லும் ஐபிடி என்ற வைரஸ் நோய்க்கு மருந்தே இல்லை.

இனச்சேர்க்கையைத் தூண்ட, சில வாரங்களுக்கு இரவு வெப்பத்தை 21–22 டிகிரி செல்சியஸ் வரை இறக்குவார்கள். வயிற்றில் இரை இருக்கும்போது இதைச் செய்தால் அது செரிக்காமல் அழுகும். காற்றோட்டமில்லாத ஈரக் கூண்டில் குளிரவிட்டால் சளி பிடித்து, வாயைத் திறந்தபடி மூச்சுவிட ஆரம்பிக்கும்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, சினையான பிறகும் அந்தக் குளிரைத் தொடர்வது. சினைப் பாம்பு சூடான கிளையை விட்டு நகராது, பெரும்பாலும் இரையும் எடுக்காது. நோய் என்று பயந்து அதைக் கையிலெடுத்துத் தொந்தரவு செய்யாதீர்கள். 30 டிகிரியை ஒட்டிய ஒரு கிளை இரவும் பகலும் இருக்கட்டும். வேண்டாமென்றால் விலகிப் போக குளிர்ச்சியான கிளையும் வேண்டும். வெப்பம் போதாமல் போனால் குட்டிகள் செத்தோ, முதுகெலும்பு வளைந்தோ பிறக்கலாம்.

நாள் நெருங்கும்போது பெரிய தண்ணீர்த் தொட்டியை எடுத்துவிடுங்கள். கிளையிலிருந்தே ஈனும்போது குட்டிகள் அதில் விழுந்து மூழ்கக்கூடும். கீழே ஈரமான பாசி பரப்பினால் நல்லது.

அப்புறம், எமரால்டு குட்டிகள் சிவப்பாகவோ ஆரஞ்சாகவோ இருப்பதைப் பார்த்துக் கலங்க வேண்டாம், போகப் போகப் பச்சையாகிவிடும். முதல் சட்டை உரிக்கும் முன் இரையைத் திணிக்காதீர்கள். தானாகப் பலமுறை தின்று காட்டாத குட்டியை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். இடம் மாறிய பதற்றத்தில் அது மறுபடி பட்டினி கிடக்கும்.