போலி ஆர்டர்: பணம் வந்த பிறகும் நஷ்டம் வருவது எப்படி?

"கார்டு வாங்குவீர்களா?" என்பதே புது வாடிக்கையாளரின் முதல் கேள்வியாக இருந்தால் கொஞ்சம் நிதானியுங்கள். உண்மையாக வாங்க வருகிறவர் பொருளைப் பற்றித்தான் முதலில் விசாரிப்பார்: என்ன அளவில் இருக்கிறது, எத்தனை நாளில் வரும், நிறைய எடுத்தால் விலை குறையுமா. மோசடிக்காரருக்குப் பொருளின் தரம், நிறம் பற்றியெல்லாம் கவலை இல்லை. விலையைச் சொன்னதும் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொள்வார், உடனே அனுப்பச் சொல்லி நெருக்குவார். வியாபாரம் மந்தமாக இருக்கும்போது இப்படி ஒரு பெரிய ஆர்டர் வந்தால் யாருக்கும் ஆசை வரத்தான் செய்யும். அந்த ஆசையில் வழக்கமான விசாரிப்பை விட்டுவிடுவதுதான் முதல் தவறு.

அதைவிடப் பெரிய தவறு, கணக்கில் தெரிகிற பணத்தை நம் பணம் என்று நினைப்பது. கார்டுக்கு வங்கி ஒப்புதல் தந்துவிட்டது என்றால், அந்தக் கார்டு செல்லும், அதில் போதிய தொகை இருக்கிறது என்று மட்டுமே பொருள். கார்டு எண்ணைத் தந்தவர்தான் அதன் சொந்தக்காரர் என்பதற்கு அது உத்தரவாதமில்லை. திருட்டுக் கார்டாக இருந்தால், உண்மையான சொந்தக்காரர் தன் கணக்கைப் பார்த்துப் புகார் கொடுப்பார். தொகை உங்களிடமிருந்து திரும்ப எடுக்கப்படும். இதுதான் சார்ஜ்பேக். விசா, மாஸ்டர்கார்டு விதிகளில் இதற்குப் பொதுவாக 120 நாள் வரை அவகாசம் உண்டு. பார்சல் போய்ச் சேர்ந்து மூன்று மாதம் ஆன பிறகும் பணம் கையைவிட்டுப் போகலாம். பொருளும் போய், பணமும் போய், மேற்கொண்டு சார்ஜ்பேக் கட்டணமும் கட்ட வேண்டியிருக்கும்.

ஆன்லைனில் விற்பவர்கள் 3டி செக்யூர் வசதியை, அதாவது வாங்குபவரின் வங்கியே ஓடிபி போன்றவற்றால் சரிபார்க்கும் முறையை, வாடிக்கையாளருக்குச் சிரமம் என்று அணைத்து வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அப்படிச் சரிபார்த்த பரிவர்த்தனையில் திருட்டுக் கார்டுப் புகார் வந்தால், பொறுப்பு பெரும்பாலும் கார்டு கொடுத்த வங்கியின் பக்கம் போய்விடும்.

செக்கிலும் இதே ஆபத்து உண்டு. வங்கி முதலில் வரவு வைத்துவிட்டு, அது போலி என்று வாரங்கள் கழித்துக் கண்டுபிடிக்கலாம். இந்த இடைவெளியை வைத்துத்தான் 'கூடுதல் பணம்' மோசடி நடக்கிறது. "என் லாரிக்காரர் கார்டு வாங்கமாட்டார். அவர் வாடகையையும் என் கார்டிலேயே சேர்த்து எடுத்து, நீங்கள் அவருக்கு அனுப்பிவிடுங்கள்" என்பார்கள். அந்த லாரிக்காரரும் மோசடிக் கூட்டத்தில் ஒருவர்தான். நீங்கள் அனுப்பியது உங்கள் சொந்தப் பணம். பொருளை எடுக்க யாரும் வரக்கூட மாட்டார்கள். கூடுதலாக வந்த தொகையை வந்த வழியிலேயே திருப்புங்கள், மூன்றாம் ஆளுக்கு அனுப்பாதீர்கள். பணம் அனுப்பியதாக ஸ்கிரீன்ஷாட் வந்தால் அதை நம்பாமல் உங்கள் கணக்கைத் திறந்து பாருங்கள்.

பெரிய நிறுவனத்தின் பெயரைப் பார்த்ததும் கடனுக்குச் சரக்கு கொடுப்பது இன்னொரு தவறு. கட்டுமானப் பொருள், விவசாய இடுபொருள், கணினி உபகரணம் விற்பவர்களிடம் உண்மையான நிறுவனங்களின் பெயரில் 30 அல்லது 60 நாள் கடனில் சரக்கு வாங்கி ஏமாற்றுகிறார்கள் என்று அமெரிக்காவின் எஃப்பிஐ 2023 மார்ச்சில் எச்சரித்தது. லோகோ சரியாக இருக்கும், கையெழுத்திட்ட பர்சேஸ் ஆர்டரும் இருக்கும். மின்னஞ்சல் முகவரியில் மட்டும் ஓர் எழுத்து மாறியிருக்கும், அல்லது பதில் போகும் முகவரி வேறாக இருக்கும். அந்தக் கடிதத்திலேயே உள்ள எண்ணுக்குப் போன் செய்து உறுதிப்படுத்துவதில் பயனில்லை. எடுப்பவரும் அவர்கள் ஆள்தான். நிறுவனத்தின் எண்ணை நீங்களாகத் தேடிப் பிடித்து, கொள்முதல் பிரிவில் கேளுங்கள். டெலிவரி முகவரியை வரைபடத்தில் பாருங்கள். பல்கலைக்கழகத்துக்கு என்று கேட்ட சரக்கு ஏதோ வாடகைக் கிடங்குக்குப் போகிறதென்றால் நிறுத்தி விசாரியுங்கள். பார்சல் கிளம்பிய பிறகு முகவரியை மாற்றச் சொன்னாலும், மாற்றிவிடாமல் நிறுத்தி விசாரியுங்கள்.

சின்ன ஆர்டர்களைக் கவனிக்காமல் விடுவதும் தவறு. ஒரே நாளில் அற்பத் தொகைக்கு வரிசையாகப் பல கார்டுகள் போடப்பட்டு, பாதி நிராகரிக்கப்பட்டால், திருடிய எண்களில் எது வேலை செய்கிறது என்று உங்கள் கடையில் சோதிக்கிறார்கள் என்று அர்த்தம்.

ஒற்றை அடையாளத்தை வைத்து யாரையும் சந்தேகிக்கவும் கூடாது. பிழையாக எழுதுகிற நேர்மையானவர்கள் ஏராளம். கார்டுக்கு ஒரு முகவரி, டெலிவரிக்கு வேறு முகவரி என்றால் அது பரிசாக இருக்கலாம். இரண்டு மூன்று அடையாளங்கள் சேர்ந்து வந்தால், பொருளைப் பற்றி நுணுக்கமாக ஒரு கேள்வி கேளுங்கள். உண்மையாகத் தேவைப்படுகிறவர் விளக்கமாகப் பதில் சொல்வார்.

சரக்கு ஏற்கெனவே போய்விட்டதா? உடனே கூரியரை அழைத்துப் பார்சலை நிறுத்தித் திருப்பச் சொல்லுங்கள். பார்சல் கைக்குத் திரும்பியதும், புகார் வரும்வரை காத்திராமல் அதே கார்டுக்கு ரீஃபண்ட் செய்துவிடுங்கள்.