தண்ணீர் பாட்டிலே போதும், டம்பெல் வேண்டாம்

ஆபரேஷன் முடிந்து, உடற்பயிற்சிக்கு டாக்டர் சரி சொன்னபின் கைக்குப் பலம் ஏற்ற ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டு போதும். கால் பாட்டில் நிரப்பித் தொடங்குங்கள், பத்துப் பன்னிரண்டு முறை சிரமமில்லாமல் தூக்க முடிந்து மறுநாளும் வலி இல்லையென்றால் 100 மில்லி கூட்டுங்கள்.

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ, அதனால் 100 மில்லிக்கு 100 கிராம்தான் ஏறும். கடை டம்பெல் பெரும்பாலும் ஒரு கிலோவிலிருந்து நேரே இரண்டுக்குத் தாவும், படுத்து எழுந்த உடம்பு அதைத் தாங்காது. பாட்டில் நிறைந்தும் லேசாகத் தெரிந்தால் காய்ந்த மணலை நிரப்புங்கள், மண்டபம், தொண்டி மாதிரி கடலோர ஊர்ப் பக்கம் மணலுக்கா பஞ்சம், அதே பாட்டில் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ ஆகிவிடும். அப்புறம், தூக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள், அடக்கினால் வயிற்றுக்குள் அழுத்தம் ஏறித் தையலை இழுக்கும்.

குடலிறக்கம், சிசேரியன், நெஞ்செலும்பைத் திறந்து செய்த இதய ஆபரேஷன் என்றால் நீங்களாகத் தொடங்கவே வேண்டாம், எப்போது, எவ்வளவு எடை என்று ஆபரேஷன் செய்த டாக்டர்தான் சொல்ல வேண்டும். அதுவரை வலை இழுப்பதும் தண்ணீர்க் குடம் தூக்குவதும் கூடாது. தையலில் வலி, வீக்கம், கசிவு தெரிந்தால் உடனே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.