அண்ணாச்சி கடையில் பழைய டின் கேட்பது எப்படி

பழைய பிஸ்கட் டின், டால்டா டின் சேர்க்க ஆசை வந்தால் முதலில் காயலான் கடைக்கு ஓடாதீர்கள். அங்கே போய்ச் சேர்வதற்குள் டின் நசுங்கியிருக்கும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் நல்லதாகவே கிடைக்கும். ஆனால் அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் விலை தெரிந்தவர்கள். என்னிடம் இருப்பதில் பாதிக்கு மேல் மதுரை கீழமாசி வீதிப் பக்கத்து மளிகைக் கடைகளில் வாங்கியவை.

காலையில் போணி ஆகும் முன்னால் போய் நிற்காதீர்கள். வெள்ளிக்கிழமையும், விளக்கு வைத்த பிறகும் கேட்டால், கொடுக்க நினைப்பவர்கூடக் கொடுக்க மாட்டார். ஆயுத பூஜைக்கு முந்தைய வாரம்தான் தோது, பரணில் கிடப்பதெல்லாம் தரைக்கு இறங்கும். மத்தியானம் ஈ ஓட்டுகிற நேரமாகப் பார்த்து, கால் கிலோ பருப்பு வாங்கிவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள்.

'பழைய டப்பா இருக்கா?' என்று கேட்டால் இல்லை என்பார். பொய் இல்லை, அவருக்கு அது சில்லறை டப்பா, கடுகு டப்பா. ஒரு அண்ணாச்சி, மரப்படம் போட்ட டால்டா டின்னில் வெந்தயம் வைத்திருந்தார். விலை கேட்டேன், சிரித்தார். அடுத்த வாரம் அதே அளவில் ஒரு எவர்சில்வர் டப்பாவோடு போய், "அண்ணாச்சி, வெந்தயத்தை இதுல மாத்திக்குங்க" என்றேன். டின்னைத் தட்டித் துடைத்து அவரே கையில் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

வயதைக் கண்டுபிடிக்க எழுத்தைப் படியுங்கள். விலை அணாவில் இருந்தால் 1957 ஏப்ரலுக்கு முந்தையது. நயா பைசா என்றால் அதற்கடுத்த ஏழெட்டு வருஷத்துச் சரக்கு. எடை பவுண்டு, அவுன்ஸில் மட்டும் இருந்தால் அனேகமாக 1960-களின் தொடக்கத்துக்கு முந்தையது. முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972-க்குப் பிந்தையது. சைவம் என்று காட்டும் பச்சைப் புள்ளி தெரிந்தால் அது புதுச் சரக்கு, பருப்போடு வீட்டுக்குக் கிளம்புங்கள்.

கழுவும்போது பொறுமை வேண்டும். முதன்முதலில் கிடைத்த பிஸ்கட் டின்னை, பித்தளைக் குத்துவிளக்கு மாதிரி நினைத்துப் புளி போட்டுத் தேய்த்தேன். படத்தில் இருந்த பெண்ணின் முகம் புளியோடு போய்விட்டது. புளி, எலுமிச்சை, நார் எதுவும் ஆகாது. ஈரத்துணியால் ஒற்றி, உடனே காய்ந்த துணியால் துடையுங்கள். துருவுக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும்.

அப்புறம், இவற்றில் தின்பண்டம் போட்டு வைக்காதீர்கள். பழைய டின் பலவற்றில் மூட்டுகளை, விஷமான காரீயம் கலந்த ஈயம் வைத்துப் பற்றவைத்திருப்பார்கள். அந்த டால்டா டின்னில் நான் சட்டைப் பட்டன்தான் போட்டிருக்கிறேன். பட்டனெல்லாம் வெந்தய வாசம்.