மெண்டல் கணக்கில் நாம் சறுக்கும் இடங்கள்

மரபியல் படித்த எல்லோருக்கும் பெற்றோரின் மரபணுக்கள் பிள்ளையிடம் எப்படியெல்லாம் சேரலாம் என்று காட்டும், நான்கு அறை கொண்ட புன்னட் கட்டம் வரையத் தெரியும். கட்டத்தை நிரப்புவதில் பிழை வருவது அபூர்வம். வரைவதற்கு முன் எதை உண்மை என்று வைத்துக்கொண்டோம், வரைந்த பிறகு அதிலிருந்து என்ன முடிவுக்கு வந்தோம் என்ற இரண்டு இடங்களில்தான் கால் வழுக்குகிறது. தேர்வுத்தாளில் அது இரண்டு மதிப்பெண்ணோடு போய்விடும். ஒரு வீட்டில் பரம்பரை நோய் பற்றிய கவலையிலோ, பிறந்த குழந்தை யாரைப் போல இல்லை என்ற பேச்சிலோ அதே தவறு நடந்தால் மனிதர்கள் காயப்படுகிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

தோற்றத்தைப் பார்த்து அல்லீலை எழுதிவிடுவது

மரபு விதிகளைக் கண்டறிந்த மெண்டல் 34 பட்டாணி ரகங்களை வாங்கி, முதல் இரண்டு ஆண்டுகள் சும்மா வளர்த்துப் பார்த்தார். எவை தலைமுறை மாறினாலும் ஒரே பண்பைத் தருகின்றன என்று உறுதியான பிறகே 22 ரகங்களைச் சோதனைக்கு எடுத்துக்கொண்டார். அந்தப் பொறுமை நமக்கு இருப்பதில்லை. நெட்டைச் செடி என்று கேள்வியில் வந்ததுமே, அதன் இரண்டு அல்லீலும் (ஒரே மரபணுவின் மாற்று வடிவங்கள், பெற்றோர் ஒவ்வொருவரிடமிருந்தும் ஒன்று வரும்) நெட்டைக்கானவை என்று எழுதிவிடுகிறோம். அதில் ஒன்று குட்டைக்கானதாக இருந்தாலும் செடி நெட்டையாகத்தான் இருக்கும்.

எத்தனை செடிகள் அப்படி மறைத்து வைத்திருக்கும்? மெண்டலே எண்ணியிருக்கிறார். கலப்பின் இரண்டாம் தலைமுறையில் கிடைத்த உருண்டை விதைகளிலிருந்து 565 செடிகளை வளர்த்தார். அவற்றில் 193 செடிகள் உருண்டை விதைகளை மட்டுமே தந்தன. மற்ற 372 செடிகளில் உருண்டையும் சுருங்கியதும் கலந்து வந்தன. ஏறக்குறைய ஒன்றுக்கு இரண்டு. பார்க்க ஒன்றுபோலவே இருந்த செடிகளில் மூன்றில் இரண்டு பங்கு, சுருங்கிய விதைக்கான அல்லீலைச் சுமந்திருந்தன.

இதே மூன்றில் இரண்டு மனிதக் குடும்பங்களிலும் வருகிறது, அங்கே பலர் தவறவிடுகிறார்கள். ஒடுங்கு பண்பாக, அதாவது இரண்டு பிரதியும் பழுதானால் மட்டுமே வெளிப்படும்படி வரும் ஒரு நோய் தம்பிக்கு இருக்கிறது. அக்காவுக்கு இல்லை, பெற்றோருக்கும் இல்லை. அக்கா அந்த நோயைக் கடத்துபவராக, அதாவது பழுதான பிரதி ஒன்றை மட்டும் சுமப்பவராக, இருக்க எவ்வளவு வாய்ப்பு? பெற்றோர் இருவரும் கடத்துபவர்களாகத்தான் இருக்க வேண்டும்; பாதி என்று அவர்களுக்கான கட்டத்தைப் பார்த்துச் சொல்லத் தோன்றும். ஆனால் அக்காவுக்கு நோய் இல்லை என்பது நமக்கு ஏற்கெனவே தெரியும். நோயுள்ளவருக்கான அறையை அடித்துவிட வேண்டும். மீதி மூன்று அறை. அதில் இரண்டு கடத்துபவருக்கானவை. ஆகவே மூன்றில் இரண்டு. அவருடைய கணவரும் கடத்துபவர் என்று பரிசோதனையில் தெரிந்திருந்தால், பிறக்கும் குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு மூன்றில் இரண்டை நான்கில் ஒன்றால் பெருக்க வேண்டும்: ஆறில் ஒன்று. பாதி என்று எடுத்தவருக்கு எட்டில் ஒன்று வந்திருக்கும். எந்தத் தகவல் கைக்கு வந்தாலும் கட்டத்தில் அதற்கு ஒவ்வாத அறையை முதலில் நீக்குங்கள்.

நான்கு பிள்ளை என்றால் மூன்றும் ஒன்றும்

கடத்துபவர்கள் இருவர் மணந்துகொண்டால் நான்கில் ஒரு குழந்தைக்கு நோய் வரும் என்று சொல்லிக்கொடுக்கிறோம். கேட்பவர் இதை வரிசை எண்ணாக எடுத்துக்கொள்கிறார். முதல் குழந்தைக்கு நோய் வந்துவிட்டது, இனி மூன்று குழந்தைகளுக்குப் பயமில்லை என்று நினைக்கிறார். ஒவ்வொரு கருத்தரிப்பும் புதிதாக ஒரு நாணயத்தைச் சுண்டுவது போலத்தான். முன்பு என்ன விழுந்தது என்று நாணயத்துக்குத் தெரியாது. நான்காவது குழந்தைக்கும் அதே நான்கில் ஒன்று.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். இப்படிப்பட்ட பெற்றோருக்கு நான்கு குழந்தைகள் இருந்தால், சரியாக ஒருவருக்கு மட்டும் நோய் வரும் வாய்ப்பு 64இல் 27. அதாவது சுமார் 42 சதவீதம். பாதிகூட இல்லை. நால்வருமே நலமாக இருக்கும் வாய்ப்பு 256இல் 81, ஏறக்குறைய 32 சதவீதம். 3:1 என்பது பெரிய எண்ணிக்கையில்தான் நிலைக்கும். மெண்டலுக்கு உருண்டை விதை 5,474, சுருங்கியது 1,850 கிடைத்தன, விகிதம் 2.96. அவர் ஏழாயிரத்துக்கும் மேல் எண்ணியதால்தான் அது கண்ணில் பட்டது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. பெற்றோர் இருவரும் கடத்துபவர்கள் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டுமே, முன்பு பிறந்த குழந்தைகள் கணக்கை மாற்றுவதில்லை. சற்றுமுன் பார்த்த அக்காவின் நிலை வேறு. அவர் கடத்துபவரா என்பதே சந்தேகம். அவருக்கு அடுத்தடுத்து மூன்று குழந்தைகள் நோயில்லாமல் பிறந்தால், அது அவர் கடத்துபவர் அல்ல என்பதற்குக் கொஞ்சம் சான்றாகிறது. அவருடைய மூன்றில் இரண்டு வாய்ப்பு இப்போது 59இல் 27ஆக, சுமார் 46 சதவீதமாக இறங்குகிறது. குழந்தைகள் பிறந்ததால் அவருடைய மரபணு மாறவில்லை. அதைப் பற்றிய நம் அறிவுதான் மாறியது. இந்த இரண்டு நிலைகளையும் குழப்பிக்கொள்வதை நன்றாகப் படித்தவர்களிடமும் பார்க்கலாம்.

ஓங்கு பண்பு என்றால் எங்கும் நிறைந்திருக்கும் என்று நினைப்பது

ஓங்கு அல்லீல், அதாவது ஒரு பிரதி இருந்தாலே வெளியே தெரிவது, பலமானது, காலப்போக்கில் மக்களிடம் பரவி மற்றதை ஒழித்துவிடும் என்ற எண்ணம் பழையது. 1908இல் கணிதவியலர் ஹார்டி இதற்காகவே ஒரு சிறு கட்டுரை எழுதினார். விரல்கள் குட்டையாக இருக்கும் நிலை ஓங்கு பண்பு என்றால், காலப்போக்கில் நான்கில் மூன்று பேருக்குக் குட்டை விரல் வந்திருக்க வேண்டாமா என்ற வாதத்துக்கு அவர் எளிய பெருக்கல் கணக்கால் பதில் சொன்னார். வேறெந்த விசையும் குறுக்கிடாவிட்டால் அல்லீல்களின் பங்கு தலைமுறைதோறும் அப்படியே இருக்கும். அதே ஆண்டில் ஜெர்மனியில் வைன்பெர்க் என்ற மருத்துவரும் தனியாக இதே முடிவுக்கு வந்தார்.

கைக்கு ஆறு விரல் வருவது பல குடும்பங்களில் ஓங்கு பண்பாகத்தான் இறங்குகிறது, ஆனாலும் அபூர்வம். ஓ ரத்தவகை ஒடுங்கு பண்பு. உலகின் பல மக்கள் கூட்டங்களில் அதுதான் அதிகம். ஓங்கு, ஒடுங்கு என்பது ஒரே உடலுக்குள் இரண்டு அல்லீல்கள் சேரும்போது எது வெளியே தெரிகிறது என்பதை மட்டுமே சொல்கிறது. எத்தனை பேரிடம் இருக்கிறது, நல்லதா கெட்டதா என்பதெல்லாம் வேறு கேள்விகள்.

ஓங்கு தன்மை அல்லீலின் நிரந்தரக் குணமும் அல்ல. நாம் எந்த அளவில் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து அது மாறும். மெண்டலின் சுருங்கிய பட்டாணியையே எடுத்துக்கொள்ளுங்கள். மாவுச்சத்தின் கிளைகளை உருவாக்கும் ஒரு நொதிக்கான மரபணு அதில் பழுதாகியிருக்கிறது என்று 1990இல் கண்டறிந்தார்கள். இரண்டு வகை அல்லீலும் உள்ள கலப்பு விதையை வெறும் கண்ணால் பார்த்தால் முழு உருண்டை. உள்ளே மாவுமணிகளை நுண்ணோக்கியில் பார்த்தால் இரண்டுக்கும் நடுவான தோற்றம். அரிவாள் செல் சோகையிலும் இப்படித்தான்: நோயாகப் பார்த்தால் ஒடுங்கு பண்பு, ரத்தத்தில் எந்த ஹீமோகுளோபின் இருக்கிறது என்று பார்த்தால் கடத்துபவரிடம் இரண்டு வகையும் இருக்கும், அதாவது இணை ஓங்கு தன்மை. எந்த அளவில் பேசுகிறோம் என்று சொல்லாமல் “இது ஓங்கு பண்பு” என்றால் பாதி வாக்கியம்தான் சொல்லியிருக்கிறோம்.

அந்திமந்தாரையில் சிவப்பையும் வெள்ளையையும் கலந்தால் இளஞ்சிவப்பு வருவதைப் பார்த்து, பண்புகள் கலந்து கரைந்துவிட்டன என்று நினைப்பதும் தவறு. அடுத்த தலைமுறையில் சிவப்பும் வெள்ளையும் அப்படியே திரும்பி வருகின்றன, 1:2:1 என்ற விகிதத்தில்.

எல்லாப் பண்புக்கும் ஒரு மரபணு தேடுவது

நாக்கை உருட்டுவது, காது மடல் ஒட்டியிருப்பது, கண்ணின் நிறம். வகுப்பறையில் மாணவர்களை எழுப்பிவிட்டு எண்ணச் சொல்லும் பண்புகள் இவை. ஆர்வம் வரும் என்பது உண்மைதான். ஆனால் இவை ஒற்றை மரபணுப் பண்புகள் அல்ல. நாக்கு உருட்டல் மரபு வழிப்பட்டது என்று 1940இல் எழுதியவர் மரபியலர் ஸ்டர்டிவண்ட். பிறகு, ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையர்களில்கூட ஒருவர் உருட்டுகிறார், மற்றவரால் முடியவில்லை என்று தெரியவந்தது. 1965இல் ஸ்டர்டிவண்டே, தன் பழைய முடிவு இன்னும் சில நூல்களில் இடம்பெறுவது சங்கடமாக இருக்கிறது என்று எழுதினார். பாடப்புத்தகங்கள் பல இன்னும் அதை விடவில்லை.

கண் நிறத்தில் 15ஆம் குரோமோசோமில் உள்ள இரண்டு மரபணுக்களுக்குப் பெரிய பங்கு உண்டு. இன்னும் பல மரபணுக்கள் சேர்ந்துகொள்கின்றன. நீலக் கண் பெற்றோருக்குப் பழுப்புக் கண் குழந்தை பிறக்காது என்று கட்டம் சொல்லும், பிறப்பதுண்டு. உயரத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவை வைத்து 2022இல் வந்த ஆய்வு, உயரத்தோடு தொடர்புடைய 12,000க்கும் மேற்பட்ட இடங்களை மரபணுத் தொகுதியில் அடையாளம் கண்டது. வகுப்பில் நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமென்றால் காதுக் குறும்பியைச் சொல்லலாம். ஈரமானதா உலர்ந்ததா என்பதை ஒரே மரபணுவில் உள்ள ஒரே டிஎன்ஏ எழுத்தின் மாற்றம் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. ஈரம் ஓங்கு, உலர்வு ஒடுங்கு.

இதற்கு நேர் எதிரான தவறும் நடக்கிறது. ஒரே மாதிரி தெரியும் பண்பு எல்லாரிடமும் ஒரே மரபணுவால்தான் வந்தது என்று வைத்துக்கொள்வது. பிறவியிலேயே காது கேளாத இருவர் மணந்துகொள்கிறார்கள்; குழந்தைகள் எல்லாருக்கும் நன்றாகக் காது கேட்கிறது. ஒடுங்கு பண்புக்கான கட்டத்தில் இதற்கு இடமே இல்லை. ஆனால் கேட்கும் திறனுக்குப் பல மரபணுக்கள் தேவை. தந்தையிடம் பழுதானது ஒன்று, தாயிடம் பழுதானது வேறொன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு நல்ல பிரதி குழந்தைக்குக் கிடைத்துவிடுகிறது.

ஒரு மரபணு இன்னொன்றை மறைப்பதும் உண்டு. லாப்ரடார் நாயில் முடி கறுப்பா பழுப்பா என்பதை ஒரு மரபணு சொல்லும். அந்த நிறமி முடிக்குள் சேருமா என்பதை மற்றொன்று சொல்லும். சேராவிட்டால் நாய் மஞ்சள். இரண்டிலும் கலப்பான கறுப்பு நாய்களை இணைத்தால் இரண்டு மரபணுக்கள் தனித்தனியாகப் பிரிந்தால் வழக்கமாக வரும் 9:3:3:1 எதிர்பார்த்த இடத்தில் 9:3:4 வரும். மணப்பட்டாணியில் மரபியலர்கள் பேட்சனும் சாண்டர்ஸும் புன்னட்டும் 1905இல் பார்த்த விலகலுக்குக் காரணம் வேறு: இரண்டு மரபணுக்களும் ஒரே குரோமோசோமில் அருகருகே இருந்ததால் சேர்ந்தே பயணித்தன. ஆகவே 9:3:3:1 எழுதுவதற்கு முன், அவை தனித்தனியாகப் பிரிகின்றனவா என்று கேளுங்கள்.

பால் சார்ந்த மரபில் “யாரில் நான்கில் ஒன்று?”

சிவப்பு-பச்சை நிறக்குருடு எக்ஸ் குரோமோசோமில் உள்ளது. தாய் கடத்துபவர், தந்தைக்குப் பார்வை சரி. குழந்தைக்கு வாய்ப்பு எவ்வளவு என்றால் நான்கில் ஒன்று. மகனுக்கு எவ்வளவு என்றால் பாதி. கேள்வி எதைக் கேட்கிறது என்று கவனிக்காமல் விடுவதுதான் இங்கே பெரும்பாலான பிழை. தந்தையிடமிருந்து மகனுக்கு வந்தது என்று சொல்வதும் தவறு. தந்தை மகனுக்குத் தருவது ஒய் குரோமோசோம்.

குடும்பத்தில் யாருக்கும் இல்லையே என்பது

அகோண்ட்ரோபிளாசியா என்ற குறு வளர்ச்சி ஓங்கு பண்பு. ஆனாலும் இதனோடு பிறப்பவர்களில் சுமார் 80 சதவீதத்தினரின் பெற்றோர் வழக்கமான உயரம் உள்ளவர்கள். கருமுட்டையிலோ விந்தணுவிலோ புதிதாக நேர்ந்த சடுதிமாற்றம், அதாவது மரபணுவில் திடீரென வந்த மாற்றம்தான் காரணம். பெற்றோர் இருவருக்குமே இந்நிலை இருந்தால் கட்டம் 3:1 என்கிறது. ஆனால் அந்த அல்லீல் இரண்டு பிரதி வந்த குழந்தை பிழைப்பதில்லை; வாழும் குழந்தைகளில் விகிதம் 2:1. மஞ்சள் எலிகளை ஒன்றோடொன்று இணைத்தாலும் இதே 2:1தான் கிடைக்கிறது.

இன்னும் சில சூழல்களில் கட்டம் போடவே இடமில்லை. மைட்டோகாண்ட்ரியாவின் மரபணுக்கள் தாயிடமிருந்து மட்டும் வருகின்றன. 15ஆம் குரோமோசோமில் ஒரே பகுதி விடுபட்டுப்போனாலும், அது தந்தையின் பிரதியில் என்றால் பிராடர்-வில்லி நோய், தாயின் பிரதியில் என்றால் ஏஞ்சல்மேன் நோய்.

ரத்தவகையை வைத்துத் தீர்ப்பு சொல்வது

மற்ற தவறுகளைவிட என்னை அதிகம் வருத்துவது இது. தாய் தந்தை இருவரும் ஓ, குழந்தை ஏ. அட்டவணையைப் பார்த்துவிட்டுத் தாயின் மேல் சந்தேகம் கிளப்புகிறார்கள். 1952இல் மும்பையில் பெண்டேயும் அவருடைய சக மருத்துவர்களும் விவரித்த பம்பாய் ரத்தவகையை நினைத்துப் பாருங்கள். ஏ, பி ஆகிய அடையாளங்கள் சிவப்பணுவின் மேல் உருவாக, முதலில் ஹெச் என்ற அடித்தளப் பொருள் வேண்டும். அதற்கான மரபணு இரண்டு பிரதியிலும் பழுதானவருக்கு ஏ அல்லீல் இருந்தாலும் அது வெளிப்படாது; வழக்கமான பரிசோதனையில் ஓ என்றே வரும். அவருடைய குழந்தைக்கு இணையரிடமிருந்து ஒரு நல்ல ஹெச் மரபணு கிடைத்ததும், இவரிடம் மறைந்திருந்த ஏ வெளிப்படுகிறது.

ஏபி வகைப் பெற்றோருக்கு ஓ குழந்தை பிறக்காது என்பதற்கும் விலக்கு உண்டு. அபூர்வமாகச் சிலரிடம் ஏ, பி இரண்டு வேலைகளையும் ஒரே அல்லீல் செய்கிறது. மற்ற பிரதி ஓ. அந்த ஓ குழந்தைக்குப் போகலாம். இவற்றுக்கெல்லாம் முன்னால், பதிவேட்டில் ரத்தவகை சரியாக எழுதப்பட்டதா என்று ஒருமுறை திரும்பச் சோதிப்பது நல்லது. எழுத்துப்பிழை இந்த அபூர்வ மரபணுக்களைவிடச் சாதாரணமாக நடக்கும். பெற்றோர் யார் என்ற கேள்வி உண்மையிலேயே எழுந்தால், அதற்கு டிஎன்ஏவில் பல இடங்களை ஒருசேர ஒப்பிடும் சோதனை இருக்கிறது. அந்தச் சோதனையிலும் ஒரே ஒரு இடத்தில் பொருத்தம் இல்லை என்பதற்காக உறவை மறுப்பதில்லை, அங்கே புதிய சடுதிமாற்றம் நேர்ந்திருக்கலாம் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்கிறார்கள்.