தோளைப் பார்த்து வாங்குங்கள்: பெண்களின் ஆயத்த ஆடையைத் தேர்ந்தெடுக்கும் முறை

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ 'எல்' என்று ஒட்டப்பட்ட இரண்டு சல்வார் மேற்சட்டைகளை விரித்து அளந்தால், மார்புச் சுற்று வேறுபடுவதைக் காணலாம். அந்த எழுத்துக்குப் பொதுவான அளவு கிடையாது. ஒவ்வொரு தயாரிப்பாளரும் தமக்கென ஒரு மாதிரி உடலை வைத்துக்கொண்டு, அதைப் பெரிதாக்கியும் சிறிதாக்கியுமே மற்ற அளவுகளை வெட்டுகிறார். ஆகவே சட்டை பொருந்தாதபோது தம் உடம்பையே பெண்கள் குறை சொல்லிக்கொள்வது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. குறை வெட்டில்தான் இருக்கிறது.

நன்றாகப் பொருந்தும் பழைய சட்டை ஒன்றைத் தரையில் விரித்து, தோள், மார்பு, இடுப்பு, கைச்சுற்று, இறக்கம் ஆகியவற்றை அங்குலத்தில் குறித்துக்கொண்டு கடைக்குச் செல்லுங்கள். முதலில் ஒப்பிட வேண்டியது தோள். இடுப்பு அகலமாக இருந்தால் தையற்கார அக்கா எளிதில் பிடித்துத் தந்துவிடுவார். தோள் தையல் கையில் இறங்கி விழுந்தாலோ, கையைக் கழற்றிக் கைக்குழியையே திருத்த வேண்டும்.

மார்பு சற்று இறுக்கமென்றால் சட்டையை உட்புறம் திருப்பிப் பாருங்கள். பக்கத் தையல் ஒவ்வொன்றிலும் இரு துண்டுகள் சேர்வதால், ஒவ்வொரு விளிம்பிலும் கால் அங்குலம் பிரித்துத் தைத்தாலே சுற்றில் ஓர் அங்குலம் கூடும்; ஆனால் துணியை மிச்சப்படுத்துவதற்காகத் தையலை ஒட்டியே வெட்டி, விளிம்பு நூல் பிரியாதிருக்கப் போடும் ஓவர்லொக் தையல் போட்டிருந்தால், பிரிப்பதற்கு அங்கே எதுவுமில்லை. அத்தகைய சட்டையை வாங்காதீர்கள். தையலின் இரு பக்கமும் மெதுவாக இழுத்துப் பாருங்கள். இடைவெளி தெரிந்தால் சில மாதங்களில் அது விட்டுப்போகும். பக்கத் தையல் நேராக இறங்காமல் முன்புறம் சுற்றி வந்தால், துணி இழைப்போக்குக்கு மாறாக வெட்டப்பட்டிருக்கக்கூடும். அதை எந்தத் தையலாலும் திருத்த முடியாது.

நம் கடலோரப் புழுக்கத்துக்குப் பருத்தியே உகந்தது. பருத்தியும் ரேயானும் முதற் சலவையில் சுருங்கக்கூடும் என்பதால் இறக்கம் சற்றுக் கூடுதலாக இருக்கட்டும். ஈரமான வெள்ளைக் கைக்குட்டையால் உள்மடிப்பைத் தேய்த்தால் சாயம் போகுமா என்பது தெரிந்துவிடும்.

எதுவும் பொருந்தாவிட்டால், மருதமுனைக் கைத்தறித் துணி வாங்கித் தைப்பிப்பது நல்லது. வெட்டுவதற்கு முன் துணியை நனைத்துக் காயவையுங்கள். தைத்ததை வாங்கும்போது அங்கேயே அணிந்து, கைகளை உயர்த்தியும் உட்கார்ந்தும் பாருங்கள். வெட்டி மிஞ்சிய துண்டுகளையும் கேட்டு வாங்குங்கள். பின்னர் அக்குளில் துண்டு வைக்க அதே துணி தேவைப்படும்.