சட்டமன்ற உறுப்பினரிடம் கொள்கை மாற்றம் கேட்பது எப்படி?

சட்டமன்ற உறுப்பினரின் அலுவலகத்துக்கு வரும் மனுக்களில் பெரும்பாலானவை முதியோர் ஓய்வூதியம், பட்டா மாறுதல், தெருவிளக்கு, சாக்கடை என்று தனிக் குறைகளைப் பற்றியவை. உதவியாளர் அவற்றை ஒரு பரிந்துரைக் கடிதத்தோடு வட்டாட்சியருக்கோ நகராட்சி ஆணையருக்கோ அனுப்பிவைப்பார். விதியையே மாற்றக் கோரும் மனுவும் இந்தக் கட்டில் சேர்ந்துவிட்டால், 'உரிய நடவடிக்கைக்காக' என்ற குறிப்போடு ஏதோ ஓர் அலுவலகத்துக்குப் போய், 'விதிகளில் இடமில்லை' என்ற பதிலோடு முடிந்துவிடும். விதியில் இடமில்லை என்பதுதானே உங்கள் குறையே. ஆகவே கொள்கை மாற்றம் கோரும் மனுவை, உறுப்பினர் அவையில் எழுந்து நின்று அப்படியே கேள்வியாகப் படிக்கக்கூடிய வடிவில் எழுத வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொண்டு பார்ப்போம். உங்கள் ஊரிலுள்ள கிளை நூலகம், வேலைக்குப் போகிறவர்கள் வீடு திரும்புவதற்குள் மூடிவிடுகிறது. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்களுக்கு வேறு இடமில்லை. 'எங்கள் நூலகத்தை இரவு எட்டு மணி வரை திறந்து வையுங்கள்' என்பது தனிக் குறை. 'மாநிலத்திலுள்ள கிளை நூலகங்களின் வேலை நேரத்தை இரவு எட்டு மணி வரை நீட்டித்து, அதற்கான பணியிடங்களுக்கு நிதி ஒதுக்க வேண்டும்' என்பது கொள்கைக் கோரிக்கை. எது வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். இரண்டையும் ஒரே தாளில் எழுதினால் எளிதானதைச் செய்துகொடுத்துவிட்டு மற்றதை மறந்துவிடுவார்கள்.

அடுத்து, அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அரசமைப்புச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் ஒன்றிய அரசின் பட்டியல், மாநிலப் பட்டியல், பொதுப் பட்டியல் என்று மூன்று உள்ளன. மாநில அரசின் நிதியில் இயங்கும் நூலகங்கள் மாநிலப் பட்டியலில் வருவதால், இதற்காக நாடாளுமன்ற உறுப்பினரைத் தேடிப் போவது வீண் அலைச்சல். ரயில் நிறுத்தம், தபால் நிலையம், வருமான வரி என்றால் அவரிடம் போகலாம். மாநில விவகாரமென்றால் தமிழ்நாடு சட்டமன்றத்தின் 234 பேரில் உங்கள் தொகுதிக்கு உரியவர்தான் உங்கள் ஆள். நீங்கள் அவருக்கு வாக்களித்தீர்களா இல்லையா என்பதை யாரும் கேட்கப்போவதில்லை, நீங்களும் சொல்ல வேண்டியதில்லை.

மனு எழுதுவதற்கு முன் செய்யும் வேலைதான் பெரும் பங்கு. பொது நூலகங்களுக்காகச் சுதந்திர இந்தியாவில் முதலில் இயற்றப்பட்டது 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம். அதன்படி நாம் சொத்து வரியோடு சேர்த்து நூலக வரியும் கட்டுகிறோம். உள்ளாட்சி அமைப்புகள் அதை வசூலித்து நூலக ஆணைக்குழுவுக்குச் செலுத்த வேண்டும். பல இடங்களில் அது நிலுவையாகவே கிடக்கிறது. உங்கள் நகராட்சி கடந்த மூன்று ஆண்டுகளில் எவ்வளவு நூலக வரி வசூலித்தது, அதில் எவ்வளவு செலுத்தியது என்று 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிக் கேளுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். மாவட்ட நூலக அலுவலரிடம் நிரப்பப்படாத பணியிடங்களின் எண்ணிக்கையைக் கேளுங்கள். 'நிதி இல்லை' என்ற பதில் வரும்போது கையில் இந்த எண்கள் இருப்பதற்கும் இல்லாததற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு உண்டு.

முன்மாதிரி இருந்தால் அதையும் சேர்க்க வேண்டும். கடை ஊழியர்கள் உட்காரும் உரிமை இதற்கு நல்ல சான்று. கோழிக்கோட்டுத் துணிக்கடைப் பெண் ஊழியர்களின் நெடுநாள் போராட்டத்துக்குப் பிறகு கேரளம் 2018இல் அதைச் சட்டமாக்கியது. 2021இல் தமிழ்நாடும் தன் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் ஒரு பிரிவைப் புதிதாகச் சேர்த்து, ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று கட்டாயமாக்கியது. பக்கத்து மாநிலத்தில் நடைமுறைக்கு வந்துவிட்ட ஒன்றை 'சாத்தியமில்லை' என்று அதிகாரிகள் எழுதுவது கடினம்.

மனு ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. அனுப்புநர், பெறுநர், பொருள் என்ற வழக்கமான அமைப்பே போதும். பொருள் வரியிலேயே கோரிக்கை முழுவதும் இருக்க வேண்டும். முதல் பத்தியில் யார் பாதிக்கப்படுகிறார்கள் என்பதும், இரண்டாவதில் திரட்டிய எண்களும், மூன்றாவதில் உறுப்பினர் என்ன செய்ய வேண்டும் என்பதும் வரட்டும். இந்தக் கடைசிப் பத்தியில்தான் பலர் 'ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்' என்று எழுதிக் கோட்டை விடுகிறார்கள். அதற்குப் பதிலாக, 'பள்ளிக்கல்வித் துறை மானியக் கோரிக்கை விவாதத்தில் தாங்கள் கீழ்க்காணும் கேள்வியை எழுப்ப வேண்டும்' என்று எழுதி (ஒரு துறையின் செலவுக்கு அவையிடம் ஒப்புதல் கேட்பதுதான் மானியக் கோரிக்கை), கேள்வியை நீங்களே இரண்டு வரியில் எழுதிக் கொடுங்கள். பொது நூலகங்கள் அந்தத் துறையின்கீழ் வருவதால் இடம் அதுதான்.

காலம் அதைவிட முக்கியம். தமிழக நிதிநிலை அறிக்கை பெரும்பாலும் பிப்ரவரி அல்லது மார்ச் மாதத்தில் தாக்கலாகும். அதன்பின் துறைவாரியாக மானியக் கோரிக்கைகள் விவாதத்துக்கு வரும். ஒவ்வொரு துறையும் அப்போது கொள்கை விளக்கக் குறிப்பு ஒன்றை வெளியிடும், அமைச்சர் பதிலுரையில் புதிய அறிவிப்புகளைப் படிப்பார். அந்த அறிவிப்புப் பட்டியல் முன்கூட்டியே தயாராகிவிடும் என்பதால், மனு டிசம்பர் அல்லது ஜனவரியில் சென்று சேர்வது நல்லது. முந்தைய ஆண்டின் கொள்கை விளக்கக் குறிப்பைத் துறையின் இணையதளத்தில் படித்து, நூலகம் பற்றி அரசே எழுதியிருக்கும் வாக்கியம் ஒன்றை மேற்கோள் காட்டினால் மனுவுக்குத் தனி எடை கூடும்.

தனியாகப் போவதைவிட ஐந்து பேர் போவது மேல். ஐம்பது பேர் போனால் அது ஆர்ப்பாட்டமாகிவிடும், பேச்சு நடக்காது. உதவியாளரிடம் முன்பே நேரம் கேளுங்கள், அவரை அலட்சியமாக நடத்தாதீர்கள். கோப்பு அவர் மேசையில்தான் இருக்கும். பொன்னாடை வேண்டாம். அது போர்த்திப் படமெடுக்கும் சந்தடியில் மனு மேசைக்கடியில் போய்விடும். பேசும்போது ஓர் அபாயம் உண்டு: 'தொகுதி மேம்பாட்டு நிதியில் ஒரு கட்டடம் கட்டித் தருகிறேன்' என்பார். அந்த நிதியில் கட்டடம் எழுப்பலாம், மாலையில் அதைத் திறந்து வைக்கும் ஊழியருக்குச் சம்பளம் தர முடியாது. நன்றி சொல்லிவிட்டு மீண்டும் கேள்விக்கே திரும்புங்கள்.

ஊராட்சியில் வசிப்பவர்களுக்குக் கூடுதல் ஆயுதம் ஒன்று இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும் கிராம சபையில் இதே கோரிக்கையைத் தீர்மானமாக நிறைவேற்றி, அதன் நகலை மனுவோடு இணைக்கலாம்.

உங்கள் உறுப்பினர் ஆளுங்கட்சியா எதிர்க்கட்சியா என்பதைப் பார்த்துக் கோரிக்கையைச் சற்றே மாற்ற வேண்டியிருக்கும். ஆளுங்கட்சியினர் அமைச்சரை நேரில் சந்தித்துப் பேச முடியும். எதிர்க்கட்சியினர் அவையில் தயக்கமின்றிக் கேட்பார்கள், அவசரப் பிரச்சினை ஒன்றில் அமைச்சரின் கவனத்தை ஈர்த்துப் பதில் கேட்கும் கவன ஈர்ப்புத் தீர்மானமும் கொடுப்பார்கள். பக்கத்துத் தொகுதியின் உறுப்பினர் மறுதரப்பைச் சேர்ந்தவர் என்றால், அங்கே வசிக்கும் நண்பர் இதே மனுவை அவரிடம் கொடுக்கட்டும், இரண்டு வழியும் திறக்கும். ஒரே உறுப்பினரின் முயற்சியும் சில வேளை வெகுதூரம் போகும்: திருநர் உரிமைகளுக்காக திமுகவின் மாநிலங்களவை உறுப்பினர் திருச்சி சிவா கொண்டுவந்த தனிநபர் மசோதாவை (அமைச்சரல்லாத உறுப்பினர் கொண்டுவரும் மசோதா) மாநிலங்களவை 2015 ஏப்ரல் 24 அன்று நிறைவேற்றியது. மக்களவையில் அது சட்டமாகவில்லை. ஆனால் அரசே ஒரு மசோதாவைக் கொண்டுவர வேண்டிய நிலை உருவாயிற்று.

மனு கொடுத்த அன்றே நகலில் தேதியும் முத்திரையும் வாங்குங்கள். இரண்டு வாரம் கழித்துத் தொலைபேசியில் கேளுங்கள், பிறகு மாதம் ஒருமுறை. அவையில் கேள்வி வந்து, அமைச்சர் 'அரசு பரிசீலிக்கும்' என்று சொல்லிவிட்டால் பலர் அத்துடன் விட்டுவிடுகிறார்கள். அவையில் அமைச்சர்கள் தரும் வாக்குறுதிகள் நிறைவேறினவா என்று பார்ப்பதற்கே சட்டமன்றத்தில் அரசு உறுதிமொழிக் குழு ஒன்று உள்ளது. அமைச்சர் சொன்ன தேதியையும் வாக்கியத்தையும் குறிப்பிட்டு அந்தக் குழுவுக்கு எழுதுங்கள். அரசாணை வெளியானால் அதன் எண்ணைக் குறித்துக்கொண்டு, ஒரு படியை உங்கள் ஊர் நூலகரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். அவருக்கு அது வந்து சேர இன்னும் சில மாதங்கள் ஆகலாம்.